பாக்கெட்டின் பின்பக்கத்தில் உண்மையை அச்சடியுங்கள்

விதைக் கடை வைத்திருப்பவர்களுக்கும், மூட்டையாக வாங்கிச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக அடைத்து விற்பவர்களுக்கும், நர்சரிக்காரர்களுக்கும்,

உங்களிடம் பார்ஸ்லி விதை வாங்கிப் போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்து, ஒன்றும் வராமல், ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் யாரும் உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு விதை பாக்கெட்டின் விலைக்காக ஆட்டோ பிடித்து வந்து நியாயம் கேட்க எவருக்கும் மனம் வராது. பில்லையும் பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்தக் குறை உங்கள் கல்லாப்பெட்டி வரை வந்து சேர்வதே இல்லை. சேராததால் குறையே இல்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். தெரிந்தும் பேசாமல் இருப்பவர்கள் உங்களில் இருந்தால், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று சுருள் இலைப் படம். குளிர் நாட்டு வயலில் எடுத்தது என்று பார்த்தாலே தெரியும். பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு வரி: ‘7 முதல் 10 நாட்களில் முளைக்கும். ஆண்டு முழுவதும் விதைக்கலாம்.’ இதே இரண்டு வரி உங்கள் கொத்தமல்லி பாக்கெட்டிலும் இருக்கிறது, லெட்யூஸ் பாக்கெட்டிலும் இருக்கிறது, துளசி பாக்கெட்டிலும் இருக்கிறது. அச்சகத்தில் ஒரே பிளாக்கை வைத்துப் பெயரை மட்டும் மாற்றி ஓட்டியிருக்கிறீர்கள். துளசிக்கும் லெட்யூஸுக்கும் அது ஓரளவு பொருந்திப் போகலாம். பார்ஸ்லிக்கு இரண்டு வரியுமே பொய்.

உலகம் முழுவதும் விதைப் பரிசோதனைக்கு விதி வகுக்கும் அமைப்பு இஸ்டா எனப்படும் சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம். பார்ஸ்லிக்கு அது வைத்திருக்கும் கணக்கு இது: முதல் எண்ணிக்கை 10ஆம் நாள், கடைசி எண்ணிக்கை 28ஆம் நாள். அதாவது வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைத்து, இதையே தொழிலாகச் செய்பவர்கள் பார்க்கும் ஆய்வகத்திலேயே, 28 நாள் முடியும் முன்பு ‘இந்த விதை செத்தது’ என்று எழுதக்கூடாது. அப்படிப்பட்ட விதைக்கு, மொட்டை மாடியில், க்ரோ பேக்கில், பூவாளியால் தண்ணீர் ஊற்றும் ஒருவருக்கு நீங்கள் கொடுக்கும் தவணை 7 முதல் 10 நாள். பத்தாம் நாள் காத்திருப்பவருக்குச் சந்தேகம் வரும். பன்னிரண்டாம் நாள் விரலை விட்டு மண்ணைக் கிளறிப் பார்ப்பார். அப்போதுதான் வெள்ளையாக முனை நீட்டத் தொடங்கிய விதை அந்தக் கிளறலிலேயே போய்விடும். இப்படி மண்ணோடு கொட்டப்பட்டவற்றில் உயிருள்ள விதைகள் எத்தனை இருந்தன என்று யார் கணக்கு வைத்தார்கள்? அந்த இழப்புக்கு விதை காரணமில்லை, மண் காரணமில்லை. நீங்கள் அச்சடித்த இலக்கம்தான் காரணம்.

பார்ஸ்லி ஏன் தாமதிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விதையின் மேல்தோலிலேயே முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு விதைத்தால் தடை கொஞ்சம் விலகும். அப்படியும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இங்கிலாந்தில் ஊர்ப்புறங்களில், பார்ஸ்லி விதை மண்ணுக்குள் போனதும் பலமுறை சைத்தானிடம் போய்விட்டு வந்த பிறகுதான் முளைக்கும் என்று ஒரு கதை உண்டு. வளர்க்கத் தெரிந்தவர்களே அலுத்துப்போய்க் கட்டிய கதை அது. நாம் அந்தக் கதையைக்கூட அச்சடிக்க வேண்டாம். ‘இரவு ஊறவைக்கவும், 14 முதல் 28 நாள் வரை பொறுக்கவும்’ என்று ஒரே ஒரு வரி போதும்.

இந்த ஒரு வரி இல்லாததால் என்ன நடக்கிறது என்று காட்டுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களில் கொஞ்சம் விஷயம் தெரிந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டு, கீழ்த்தளத்துப் பெண் ஒருத்தி தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, பார்ஸ்லி நல்லா வந்திருக்கு. எப்ப கட் பண்ணலாம்?” என்றாள். தொட்டி நிறைய பச்சைப் பசேல். இலை வெட்டு வெட்டாக, கேரட் இலை போலப் பிரிந்து, தரையோடு வட்டமாகப் படர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் மெல்லிய சொரசொரப்பு. கசக்கினால் பார்ஸ்லி வாசம் துளியும் இல்லை. அது பார்த்தீனியம். காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரத்திலும் மண்டிக் கிடக்கும் அதே விஷக்களை, மண்ணோடு வந்த விதையிலிருந்து முளைத்து, அவள் கையால் தண்ணீரும் மண்புழு உரமும் வாங்கிக்கொண்டு வளர்ந்திருந்தது. பாக்கெட்டில் போட்ட நாள் கணக்குக்குள் முளைத்தது அது ஒன்றுதான் என்பதால், அதுதான் பார்ஸ்லி என்று அவள் நம்பியதில் தப்பே இல்லை. பார்த்தீனியம் பட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும் ஆட்கள் எத்தனையோ பேர். அவள் அதை நறுக்கி சாலட்டில் போடுவதற்கு ஒரு வாரம்தான் மிச்சம் இருந்தது.

பார்ஸ்லி நாற்று எப்படி இருக்கும் என்று பாக்கெட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம் போட உங்களுக்கு என்ன செலவாகும்? முதலில் வரும் இரண்டு விதையிலைகள் ஒல்லியாக, நீளமாக, புல்லின் நுனி போல இருக்கும். அதன் பிறகு வரும் முதல் நிஜ இலை மூன்றாகப் பிரிந்து, ஓரம் பல்பல்லாக இருக்கும். அந்த இலையைக் கிள்ளி முகர்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முழுதாய் வளர்ந்த சுருள் இலையின் படம் கடையில் ஆளை இழுக்க உதவும். முளைத்து இரண்டு வாரமான நாற்றின் படம்தான் வீட்டில் உதவும்.

இனி அந்த ‘ஆண்டு முழுவதும்’ விவகாரம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. எந்த விதைக்கும் ஒரு பட்டம் உண்டு என்பதை எந்த விவசாயியிடமும் நீங்கள் மறுத்துப் பேச மாட்டீர்கள். சித்திரையில் வந்து கேரட் விதை கேட்டால் ‘இப்ப போடாதீங்க ஐயா’ என்று சொல்லும் கடைக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். அதே கடையில் மே மாதம் ஒரு வீட்டுக்காரர் வந்து பார்ஸ்லி கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். மண்ணின் சூடு 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பார்ஸ்லியின் முளைப்பு மளமளவென்று குறையும். கத்திரி வெயிலில் சென்னை மொட்டை மாடியில் ஒரு கறுப்பு க்ரோ பேக்குக்குள் என்ன சூடு இருக்கும் என்று கையை வைத்துப் பாருங்கள். அதற்குள் போட்ட விதை வேகத்தான் செய்யும்.

சமவெளிக்கு இதன் பட்டம் கார்த்திகையும் மார்கழியும். வடகிழக்குப் பருவமழையின் அடித்துக்கொட்டும் நாட்கள் ஓய்ந்தபின், இரவில் கொஞ்சம் குளிர் இறங்கும்போது விதைத்தால், இரண்டரை மூன்று மாதத்தில், மாசி பங்குனியில் இலை கிள்ளலாம். அதன்பின் 50 சதவீத நிழல்வலையின் கீழோ, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பால்கனியிலோ வைத்தால் சித்திரை வரை ஓட்டலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நிலைமை வேறு. அங்கே இந்தச் செடிக்குப் பெரும்பாலான மாதங்கள் பொருந்தும். ஓசூர், கோவைக்காரர்களுக்குச் சென்னைக்காரர்களை விடக் கொஞ்சம் அதிக நாள் கிடைக்கும். இத்தனை வேறுபாட்டையும் பாக்கெட்டில் எழுத இடமில்லை என்பீர்கள். ‘சமவெளி: நவம்பர் – ஜனவரி’ என்று எழுத இடமிருக்கிறது. ‘100% ஆர்கானிக், நான் ஜிஎம்ஓ, ஹை யீல்டு’ என்று எழுதத்தான் இடம் கண்டுபிடித்தீர்களே. பார்ஸ்லியில் சந்தைக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத ஒன்று இல்லை என்று சொல்வதற்கு ஒரு வரியை வீணடித்திருக்கிறீர்கள்.

இதுவரை சொன்னது அச்சுப் பிழை, அலட்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்துச் சொல்லப்போவதை அப்படி விட முடியாது. விதையின் வயதைச் சொல்கிறேன்.

வெங்காய விதையைப் போலவே பார்ஸ்லி விதையும் சீக்கிரம் கிழமாகும். நன்றாகக் காயவைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. இங்கே ‘குளிர்ந்த இடம்’ என்பதுதான் முக்கியம். கலிபோர்னியாவில் விதைகளின் ஆயுளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன் ஒரு எளிய கணக்குச் சொல்லி வைத்தார்: விதை வைத்திருக்கும் இடத்தின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தோடு கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும். சென்னையில் ஒரு சாதாரண நாளை எடுங்கள். 30 டிகிரி செல்சியஸ், அதாவது 86 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 70. கூட்டினால் 156. இது கடைக்குள், நிழலில் உள்ள கணக்கு. உங்களில் பலர் பாக்கெட்டுகளைக் கம்பி ஸ்டாண்டில் மாட்டி வாசலில் வைக்கிறீர்கள். கண்ணாடி அலமாரியில், மதியம் வெயில் விழும் பக்கமாகக் கோத்துத் தொங்கவிடுகிறீர்கள். அதே ஹாரிங்டன் இன்னொன்றும் சொன்னார்: வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும், விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தாலும் இரட்டிப்பாகும். திருப்பிப் போட்டால், ஒவ்வொரு 5 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் பாதியாகும். வாசலில் தொங்கிய அந்த பாக்கெட்டுக்கு எத்தனை பாதி கழிந்திருக்கும்?

இது வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? தேதி போட்டிருப்பீர்கள்தான். ஆனால் அது பாக்கெட் அடைத்த தேதி. விதை எந்த வருடம் அறுவடையானது என்பது அதில் இல்லை. மூன்று வருடமாகக் கிடங்கில் கிடந்த மூட்டையைப் போன மாதம் பிரித்து அடைத்தாலும் தேதி போன மாதத்து தேதிதான். அதிலும் சிலர் விலை ஸ்டிக்கரைச் சரியாகத் தேதியின் மேலேயே ஒட்டுகிறீர்கள். நகத்தால் சுரண்டினால் ஸ்டிக்கரோடு மையும் சேர்ந்து வருகிறது. தற்செயல் என்று முதல் பாக்கெட்டில் நினைக்கலாம். ஸ்டாண்டு முழுக்க அப்படி இருந்தால் என்ன நினைப்பது?

நெல் விதை வாங்க வரும் விவசாயிக்கு நீங்கள் இப்படிச் செய்ய முடியாது. சான்று விதை மூட்டையில் நீல அட்டையும் லேபிளும் இருக்கும். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், பரிசோதனை செய்த தேதி என்ன, எந்தத் தேதி வரை செல்லும் என்று அவற்றில் எழுதியிருக்கும். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் 1968ஆம் ஆண்டின் விதிகளும் பின்னால் நிற்கின்றன. விதை ஆய்வாளர் வந்து மாதிரி எடுப்பார். அந்த லேபிள் கட்டாயம் அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களுக்கானது. மாடியில் வளர்க்கும் பார்ஸ்லி அதற்குள் வருமா வராதா என்று உங்களோடு வழக்காட நான் வரவில்லை. சட்டம் பிடரியைப் பிடித்தால்தான் தேதி போடுவோம் என்பது வியாபாரத்துக்கு அழகா என்றுதான் கேட்கிறேன். அமெரிக்காவின் கூட்டாட்சி விதைச் சட்டத்தின் கீழ் பார்ஸ்லிக்கு முளைப்புத் தரம் 60 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் ‘தரத்துக்குக் குறைவு’ என்று பாக்கெட்டிலேயே சொல்லியாக வேண்டும். கவனியுங்கள்: 60தான் கேட்கிறார்கள், 90 கேட்கவில்லை. பார்ஸ்லி அப்படிப்பட்ட விதை என்று எல்லாருக்கும் தெரியும். நாங்களும் நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. 50 என்றால் 50 என்று சொல்லுங்கள். இரண்டு மடங்கு விதைத்துக்கொள்கிறோம்.

‘அப்படியானால் நீங்களே விதை எடுத்துக்கொள்ளுங்களேன்’ என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். கொத்தமல்லியாக இருந்தால் அந்தப் பேச்சு சரி. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி தனியாவை எடுத்து, செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் முளைக்கும். உங்கள் கடைப் பக்கமே வர வேண்டாம். வெந்தயமும் அப்படித்தான். பார்ஸ்லிக்கு அந்த வழி இல்லை. அது ஈராண்டுப் பயிர். முதல் வருடம் இலை விடும்; இடையில் பல வாரம் நல்ல குளிரில் கிடந்து எழுந்தால்தான் இரண்டாம் வருடம் பூத்து விதை கட்டும். சென்னையின் மார்கழியை அது குளிர் என்றே எடுத்துக்கொள்வதில்லை. பூப்பதற்குள் மே மாதம் வந்து செடியைக் கருக்கிவிடும். ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உங்களிடம்தான் வர வேண்டும். வேறு போக்கிடம் இல்லாதவரிடம் விற்கும்போது விற்பவரின் பொறுப்பு கூடுமா, குறையுமா? நீங்களே சொல்லுங்கள்.

பார்ஸ்லி இல்லாவிட்டால் நம் சமையல் நின்றுவிடாது என்பது எனக்கும் தெரியும். ரசத்துக்கு அது தேவையில்லை. கொத்தமல்லி இருக்கும் ஊரில் அதற்குச் சிம்மாசனம் போடச் சொல்லவும் இல்லை. ஆனால் இதைத் தேடி வருபவர்கள் யார் என்று பாருங்கள். வளைகுடாவில் இருபது முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அங்கே கட்டுக் கட்டாகக் காய்கறிக் கடையில் குவிந்து கிடந்த கீரை இது. அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கோதுமை ரவை, தக்காளி, எலுமிச்சையோடு பிசறிய தப்பூலே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இட்லி போலப் பழகிய உணவு. சமையல் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் வருகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பெட்டியில் வாடிப்போன நான்கு தண்டுக்குக் கொடுக்கும் விலையைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வளர்க்கலாம் என்று வருகிறவர்கள் நிறைய. பெரும்பாலோருக்கு இதுதான் முதல் செடி. அது முளைக்கவில்லை என்றால் அடுத்து தக்காளியும் கத்தரியும் வாங்க அவர்கள் திரும்ப வருவதில்லை. பார்ஸ்லி பாக்கெட்டில் நீங்கள் சம்பாதித்ததை விட, வராமல் போனவர்களால் இழந்தது அதிகம்.

இன்னும் இரண்டு குறைகள் இருக்கின்றன, சுருக்கமாகவே சொல்கிறேன். சில பாக்கெட்டுகளைப் பிரித்தால் விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது. பூஞ்சை மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை என்று எனக்குத் தெரியும். ஊறவைத்த தண்ணீரே சிவப்பாகும். அதை வாங்கியவர் தன் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து ‘ஒவ்வொன்றாகப் போடு கண்ணா’ என்கிறார். மருந்து கலந்தது, கையுறை தேவை, மிச்சத்தைச் சமையலறையில் வைக்காதீர்கள் என்று பாக்கெட்டின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டாமா? இன்னொன்று, ‘சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்’ என்கிற மாதிரி வைத்தியப் பேச்சு. பார்ஸ்லியில் வைட்டமின் கே மிக அதிகம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி, இதைப் படித்துவிட்டுத் தினமும் ஒரு டம்ளர் அரைத்துக் குடித்தால் மாத்திரையின் வேலை கெடும். மருத்துவர் அளந்து கொடுத்த கணக்கை உங்கள் பாக்கெட் குலைக்க வேண்டாம். கீரை விற்கிறீர்கள், கீரையாகவே விற்றுக்கொள்ளுங்கள்.

நர்சரிக்காரர்களே, உங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பார்ஸ்லிக்கு ஆணிவேர், கேரட்டுக்குச் சொந்தக்காரச் செடி அல்லவா? அதைக் கையளவு கறுப்புக் கவரில், வெறும் தேங்காய் நார்க்கழிவில், வேர் அடியில் சுருண்டு வட்டமடிக்கும் வரை வைத்திருந்து விற்கிறீர்கள். வாங்கிப்போனவர் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வேர் அறுந்து, ஒரு வாரத்தில் செடி தலை சாய்கிறது. நான்கைந்து இலை விட்ட இளம் நாற்றாகவே விற்றுவிடுங்கள். அல்லது மண்ணோடு அப்படியே இறக்கக்கூடிய குழித்தட்டில் வளருங்கள். ஒரு சாண் ஆழமாவது உள்ள தொட்டி வேண்டும் என்றும், வெளிவட்டத்துத் தண்டை அடியோடு கிள்ளி நடுக்குருத்தை விட்டுவிட வேண்டும் என்றும் பில் போடும்போது வாயால் சொன்னால்கூடப் போதும். நடுவில் வெட்டிச் செடியைக் கொன்றவர்களும் உங்களிடம் திரும்ப வருவதில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ‘மொத்த வியாபாரி சொல்வதைத்தானே நாங்கள் அச்சடிக்கிறோம், அறுவடை வருடம் எங்களுக்கே தெரியாது’ என்பது ஒன்று. தெரியாவிட்டால் கேளுங்கள். மூட்டையாக வாங்குபவர் நீங்கள். உங்களுக்குச் சொல்லாததை எங்களுக்கு யார் சொல்வார்கள்? ‘முளைப்புப் பரிசோதனைக்கு ஆய்வகம் வேண்டும், செலவு வேண்டும்’ என்பது இன்னொன்று. மாவட்டங்களில் அரசு விதைப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் கடை மேசையிலேயே செய்யலாம். மூட்டையிலிருந்து நூறு விதையை எண்ணி எடுங்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், முதுகில் கோடு ஓடி, பிறை போல வளைந்த, கடுகை விடப் பெரிதல்லாத விதை. ஈரமான பழைய பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில், வெயில் படாத மூலையில் வையுங்கள். துணி காயாமல் தினமும் தண்ணீர் தெளித்து, 28ஆம் நாள் பிரித்து முளை வந்ததை எண்ணுங்கள். 52 முளைத்திருந்தால் 52 என்று அச்சடியுங்கள். இதற்கு ஆய்வகம் எதற்கு?

‘விலை ஏறும்’ என்பீர்கள். ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அளவைக் குறையுங்கள். ஒரு கிராமில் ஐந்நூறு விதைக்கு மேல் இருக்கும். இரண்டு தொட்டி வைக்கும் வீட்டுக்கு முப்பது நாற்பது விதை போதும். மிச்சம் நானூற்றுச் சொச்சம் அடுத்த வருடம் செத்த விதையாகி, ‘போன வருடம் முளைத்ததே, இந்த வருடம் ஏன் முளைக்கவில்லை’ என்று அவரைக் குழப்பும். நூறு விதையை ஈரம் புகாத ஃபாயில் உறையில் போட்டு, முழு பாக்கெட்டின் விலையையே வையுங்கள். முளைக்கும் என்றால் நாங்கள் மறுக்காமல் கொடுப்போம்.

‘வாங்குபவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை’ என்பதுதான் உங்களின் கடைசிப் பதில், அதுதான் எனக்குக் கோபம் வரவைப்பதும். தெரியாதுதான். அதற்காகத்தான் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கிறது. அடுக்ககத்தில் பிறந்து அடுக்ககத்தில் வளர்ந்தவருக்கு மண் சொல்லிக்கொடுக்க வீட்டில் பாட்டி இல்லை. அவர் படிக்கும் ஒரே பாடம் நீங்கள் அச்சடித்த அந்த இரண்டு வரிதான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வரும் கார்த்திகைப் பட்டத்துக்கு நீங்கள் அடைக்கும் பார்ஸ்லி பாக்கெட்டில் விதை அறுவடையான வருடத்தையும், முளைப்புச் சோதனையின் சதவீதத்தையும் தேதியையும் போடுங்கள். சமவெளிக்கும் மலைக்கும் விதைக்கும் மாதங்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். முளைக்க 28 நாள் வரை ஆகும் என்று எழுதுங்கள். மருந்து கலந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். விலை ஸ்டிக்கரை வேறு எங்காவது ஒட்டுங்கள். ஸ்டாண்டை வாசல் வெயிலிலிருந்து உள்ளே இழுத்துப் போடுங்கள். பழைய சரக்கு கையில் இருந்தால் ‘பழையது, பாதி விலை, நெருக்கி விதைக்கவும்’ என்று வெளிப்படையாக விற்றுத் தீருங்கள்; வாங்க ஆள் இருக்கிறது, நான் முதல் ஆளாக வருவேன்.

மேசைச் சோதனைக்கே ஒரு மாதம் வேண்டும், அச்சகத்தில் புது பிளாக் போட இன்னும் சில வாரம் ஆகும். நவம்பர் விதைப்புக்கு பாக்கெட் கடைக்கு வர வேண்டுமென்றால், ஆவணி பிறப்பதற்குள் அந்த ஈரத் துணியைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மொட்டை மாடியில் தொட்டி வைத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
சென்னை